காணா நட்பு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மறைந்த நண்பர் ஒருவரை நினைவுகூர்ந்து பேசுமாறு என்னைப் பணித்தார்கள். எனக்கு முன் பேசிய பெரியோர்கள் தம்மோடு ஒரே திண்ணையில் அமர்ந்து பாட்டுப் பேசியவர்களை நினைவுகூர்ந்தார்கள். நான் நினைவுகூர விரும்புகிறவரை நான் ஒருமுறையும் நேரில் கண்டதில்லை. அவருக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. அவர் கவிஞராக அறியப்பட்டவரும் அல்லர். ஆயினும் அவரை என் நண்பர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு என்று கருதுகிறேன். அந்த உரிமையை எனக்கு வழங்குவது நம் இலக்கியமேயாகும்.

உறையூர்ச் சோழனும் பாண்டி நாட்டுப் பிசிரில் வாழ்ந்த ஆந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நட்புக் கொண்டவர்கள். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, தன் அருகில் ஆந்தையாருக்கு ஓர் இடம் ஒதுக்கச் சொன்னான். உடனிருந்தோர் ஐயுற்றனர். ஆந்தையார் வந்தார். குறளின் நட்பு அதிகாரத்துக்கு உரை எழுதவந்த பரிமேலழகர், பழகாமலே உணர்ச்சி ஒன்றுபடுவதற்கு இவ்விருவரையே சான்று காட்டுகிறார். நம் ஊர்ப் பெருமாள் கோயில் தெருவில் வாழ்ந்த பாவேந்தர் பாரதிதாசனும் இந்த நட்பை நாடகமாக்கினார். அவர் 1964இல் மறைந்த பின்னர், 1969ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது 'பிசிராந்தையார்' என்னும் அந்நாடகத்துக்கே கிடைத்தது. ஆகவே, காணா நட்பைப் பற்றிப் பேசப் புதுச்சேரியை விடப் பொருத்தமான ஊர் வேறில்லை.

நான் நினைவுகூரும் நண்பர் பெயர் உமர்தம்பி. தஞ்சை மாவட்டத்து அதிராம்பட்டினத்துக்காரர். 1953இல் பிறந்து 2006 ஜூலையில் மறைந்தவர். துபாயில் பணிபுரிந்து ஊர் திரும்பியவர். யாரும் கேளாமலும் எவரும் ஊதியம் தாராமலும், பழைய கணிப்பொறிகளில் தமிழ் தெரிய வேண்டும் என்பதற்காகத் தம் பொழுதைச் செலவிட்டவர்.

அவரை நான் அறிந்த விதத்தைச் சொல்ல வேண்டும். 2004ஆம் ஆண்டு நான் ஆய்வு மாணவி. அப்போது வீட்டில் கணிப்பொறி இல்லை. ஒரு மணிநேரத்துக்கு 20 ரூபாய் கொடுத்து இணைய மையத்தில் அமர்வேன். அங்கிருந்தவை எல்லாம் விண்டோஸ் 98 பொருத்திய பழைய பொறிகள். தமிழ்ப் பக்கம் எதைத் திறந்தாலும், வெறும் கட்டங்கள் வரிசை வரிசையாக நிற்கும். அல்லது பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கொட்டிக் கிடக்கும். அந்தந்தப் பக்கத்துக்குரிய எழுத்துருவை இறக்கிப் பொருத்தினால்தான் படிக்கலாம். மைய உரிமையாளரோ எதையும் பொருத்த விடமாட்டார். கொடுத்த காசு கட்டங்களைப் பார்ப்பதிலேயே கழியும்.

ஒரு நாள் மின்னிதழ்க் கட்டுரை ஒன்றைத் திறந்தேன். வழக்கம்போலக் கட்டங்களே நின்றன. எழுந்துவிடலாம் என்று எண்ணிய நொடியில், அக்கட்டங்கள் என் கண்முன்னே ஒவ்வொரு வரியாகத் தமிழாக மாறின. நான் எதையும் பொருத்தவில்லை, எவரையும் கேட்கவில்லை. பக்கத்தின் அடியில் 'தேனீ' என்னும் எழுத்துருவின் பெயரும் அதைச் செய்த உமர் என்பவரின் பெயரும் இருந்தன. என் குறிப்பேட்டில் 'தேனீ – உமர் – நன்றி எழுத வேண்டும்' என்று எழுதிக்கொண்டேன். அந்த நன்றியை நான் எழுதவேயில்லை. இந்த உரையே அந்தக் கடிதம் என்று கொள்ளுங்கள்.

அன்று நிகழ்ந்தது என்ன என்பதைச் சுருக்கமாக விளக்குகிறேன். கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்தே அது சேமித்து வைக்கிறது. அக்காலத்து எழுத்துருக்களில் 256 இடங்களே உண்டு. அவற்றின் முற்பாதியை ஆங்கிலமும் குறிகளும் கைக்கொண்டிருந்தன. எஞ்சியதில்தான் நம் 247 எழுத்துகளையும் உறுப்பு உறுப்பாகப் பிரித்து அடுக்க வேண்டும். சிலர் ஆங்கிலத்தின் இடத்திலேயே தமிழை அமர்த்தினார்கள். எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எண்களை ஒதுக்கினார்கள். ஒருவருக்கு 'அ'வாக இருந்த எண் மற்றொருவருக்கு 'ழ'வாயிற்று. ஒரே தமிழ், ஆனால் ஓர் ஊரில் எழுதியதை அடுத்த ஊரில் படிக்க முடியாத நிலை.

இக்குழப்பத்தைத் தீர்க்க வந்ததே யூனிகோடு என்னும் ஒருங்குறி. உலக மொழிகள் அனைத்தின் எழுத்துகளுக்கும் தனித்தனி எண்களை அது நிலையாக ஒதுக்கியது. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதன்படி 'அ' என்பதற்கு 2949. 'க' என்பதற்கு 2965. எவர் எந்நாட்டில் தட்டினாலும் இவ்வெண்கள் மாறா. ஆனால், எண் இருந்தால் மட்டும் போதாது. அந்த எண்ணுக்குரிய வடிவத்தைத் திரையில் வரைய எழுத்துரு வேண்டும். அத்தகைய தமிழ் எழுத்துரு விண்டோஸ் 2000இல்தான் உடன் வந்தது. விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களுக்கு அது இல்லை. நம் நாட்டின் இணைய மையங்களிலும் பள்ளிகளிலும் நடுத்தரக் குடும்பங்களிலும் இருந்தவை பெரும்பாலும் அத்தகைய பழம்பொறிகளே. புதிய பொறி வாங்க வசதி உள்ளவனுக்கே தமிழ் என்ற நிலை வரவிருந்தது.

இச்சிக்கலோடு உமர்தம்பிக்கு முன்பே போராடியவர்கள் பலர். அவர்களுள் கவிஞர்களாகிய நீங்கள் அறிந்திருக்க வேண்டிய ஒருவர் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி. அவர் சிறுகதை ஆசிரியர். சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர். என்னைப் போலத் தமிழ் கற்பித்து வாழ்ந்தவர். எழுத்தை ஆள்பவன் எழுத்தின் கருவியையும் ஆள வேண்டும் என்று கணிப்பொறி பக்கம் சென்றார். தாம் உருவாக்கிய தமிழ் விசைப்பலகை முறைக்குக் 'கணியன்' என்று பெயரிட்டார். உலகத்தை ஓர் ஊராகக் கண்ட கணியன் பூங்குன்றனாரின் பெயர் அது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ முதலியோரோடு சேர்ந்து அவர் இணையத்தில் தமிழை ஏற்றினார். 1995 அக்டோபர் 27ஆம் நாள், சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளையும் கொண்ட இணையத் தொகுப்பு ஒன்றை அந்நாட்டு அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அந்த நான்கனுள் தமிழும் ஒன்று. இணையத்தில் தமிழ் தோன்றிய தொடக்க நாள்களிலேயே அது கவிதையாகத் தோன்றியது என்பதை இந்த அவையில் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. கடைக்கணக்கோ அரசாணையோ அன்று; கவிதை.

1997 மே மாதம் சிங்கப்பூரில் அவர் முன்னின்று நடத்திய மாநாடே, உலகெங்கும் தனித்தனியே உழைத்துவந்த தமிழ்க் கணிப்பொறி ஆர்வலர்களை ஓரிடத்தில் கூட்டியது. அதன் தொடர்ச்சியாக 1999 பிப்ரவரியில் சென்னையில் மாநாடு கூடியது. தமிழ்நாட்டு அரசு பொது விசைப்பலகை ஒன்றையும் எழுத்துக் குறியீட்டு முறைகளையும் வகுத்தது. அதே ஆண்டு மே மாதம் கோவிந்தசாமி காலமானார். அவரும் உமர்தம்பியும் ஐம்பதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே மறைந்தவர்கள். தாம் நட்ட மரத்தின் நிழலில் அமர இருவருக்கும் வாய்க்கவில்லை.

இனி உமர்தம்பி செய்ததற்கு வருகிறேன். புதிய பொறிகளில் ஒருங்குறி வந்துவிட்டது, பழையவற்றைக் கைவிடலாம் என்று அவர் எண்ணவில்லை. இணையப் பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்தனுப்பும் வழி ஒன்று அப்போது இருந்தது. விருந்துக்கு அழைத்தவர் இலையும் தாமே கொண்டுவருவது போன்றது அது. அம்முறைக்கு ஏற்பத் 'தேனீ' என்னும் ஒருங்குறி எழுத்துருவை அவர் அமைத்தார். பக்கத்தை எழுதுபவர் சில வரிகளைச் சேர்த்தால் போதும். படிப்பவர் எதையும் செய்ய வேண்டியதில்லை. அதனை எவரும் பயன்படுத்திக்கொள்ள இலவசமாகத் தந்தார். 'வைகை' முதலிய வேறு எழுத்துருக்களும் அவர் செய்தவையே. ஒருங்குறி என்றால் என்ன என்பதை எளிய தமிழில் விளக்கி 'திசைகள்' மின்னிதழில் தொடரும் எழுதினார். தமிழில் மின்னிதழும் வலைப்பூவும் பரவத் தொடங்கிய அந்தச் சில ஆண்டுகளில், பழம்பொறி வைத்திருந்த படிப்பாளிகள் பலருக்குக் கதவைத் திறந்துவிட்டது அந்தத் தேனீயேயாகும்.

இன்று அந்த எழுத்துருவின் தேவை இல்லை. விண்டோஸ் 98 இல்லை. அந்த இணைய மையமும் இல்லை. கைப்பேசியிலேயே தமிழ் வருகிறது. 2010இல் தமிழ்நாட்டு அரசும் ஒருங்குறியை ஏற்றது. ஆகவே அவர் பணி முடிந்துபோன பணி என்று சிலர் கருதலாம். ஆற்றின் மீது பாலம் எழுந்தபின் ஓடக்காரனை யார் நினைப்பார் என்று கேட்கலாம். பாலம் எழும்வரை அக்கரைக்குப் போக வேண்டியவர்கள் இருந்தார்களே என்பதுதான் என் விடை. நான் அவர்களுள் ஒருத்தி.

அவையோரே, இக்கருவிகளின் பெயர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். சிங்கப்பூர்க்காரர் தம் விசைப்பலகைக்குக் கணியன் என்றார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ந்த கல்யாணசுந்தரம் தம் எழுத்துருவுக்கு மயிலை என்றார். அவரே 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கி நம் இலக்கியங்களை இணையத்தில் ஏற்ற வழிசெய்தவர். மலேசியாவின் முத்து நெடுமாறன் தம் மென்பொருளுக்கு முரசு அஞ்சல் என்றும், தம் எழுத்துரு ஒன்றுக்கு இணைமதி என்றும் பெயரிட்டார். இலக்கியக்காரர்கள் கணிப்பொறியைக் கண்டு ஒதுங்கி நின்ற நாள்களில், கணிப்பொறி அறிந்தவர்கள் இலக்கியத்தைத் தேடி வந்தார்கள். நாம் அவர்களை எதிர்கொண்டு வரவேற்றோமா? நான் வரவேற்கவில்லை. இதை என் குறையாகவே ஒப்புக்கொள்கிறேன்.

அதற்குச் சான்றாக மற்றொரு கடனையும் சொல்ல வேண்டும். என் முனைவர் பட்ட ஆய்வேடு இந்நகரத்து ஒளியச்சு நிலையம் ஒன்றில் தட்டச்சு செய்யப்பட்டது. நெகிழ்வட்டுகளில் பதிந்து கொடுத்தார்கள், பாதுகாப்பாக வைத்திருந்தேன். சில ஆண்டுகள் கழித்து அதை நூலாக்க எண்ணியபோது அந்த நிலையம் மூடப்பட்டிருந்தது. எந்த எழுத்துரு என்று சொல்ல ஆளில்லை. ஒரு பழைய பொறியைத் தேடிப் பிடித்து வட்டைத் திறந்தால், ஐந்து ஆண்டு உழைப்பும் பொருளற்ற குறிகளாகக் கிடந்தது. ஒரு வட்டு திறக்கவே இல்லை. அதில் இருந்தது முடிவுரை.

என் மாணவன் ஒருவன் அக்குறிகளை எடுத்து இணையத்தில் ஒரு பெட்டியில் இட்டு, ஒரு விசையைத் தட்டினான். பாட்டும் உரையும் மேற்கோளும் ஒருங்குறித் தமிழாக இறங்கின. "யார் செய்தது தம்பி இது?" என்று கேட்டேன். "தகடூர் கோபி என்று ஒருவர் அம்மா" என்றான். தருமபுரியின் பழம்பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்ட இளைஞர் அவர். தம் மாற்றி ஒன்றுக்கு அதியமான் என்றே பெயரிட்டிருந்தார். ஔவைக்கு நெல்லிக்கனி தந்தவன் பெயரை இதைவிடப் பொருத்தமாக எங்கே வைக்க முடியும்? கிடைத்ததைத் தானே வைத்துக்கொள்ளாமல் பிறர்க்கு ஈந்தவன் அல்லவா அவன்! இவருக்காவது எழுத வேண்டும் என்று எண்ணினேன். எழுதுமுன் அவரும் இளமையிலேயே மறைந்தார் என்ற செய்தி வந்தது. இரண்டு முறை பிந்திவிட்டேன்.

மேலை நாடுகளில் பழைய கணிப்பொறிகளைத் தேடிப்பிடித்துப் பழுது நீக்கி ஓடச்செய்வதையே பொழுதுபோக்காகக் கொண்ட பெருங்கூட்டம் உண்டு. 1982இல் வந்த கமடோர் 64 என்னும் பொறியை இன்றும் இயக்கி மகிழ்கிறார்கள். இதை முதியோரின் விளையாட்டு என்று நானும் எண்ணியதுண்டு. பிரித்தானியாவில் நடந்த ஒன்றைப் படித்த பிறகு அவ்வெண்ணம் மாறியது. 1086இல் அந்நாட்டு அரசன் எடுப்பித்த நிலக் கணக்கு ஏடு ஒன்று உண்டு. அதன் 900ஆம் ஆண்டு நினைவாக, 1986இல் பி.பி.சி. நிறுவனம் நாட்டு மக்களின் வாழ்வைப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு எழுதச்செய்து, ஒளிவட்டுகளில் பதித்தது. பதினைந்து ஆண்டு கழிவதற்குள் அவ்வட்டுகளைப் படிக்கும் பொறிகள் அரிதாகிவிட்டன. தோலில் எழுதிய ஏடு 900 ஆண்டு நின்றது. வட்டில் எழுதியது ஒரு தலைமுறைக்குத் தாங்கவில்லை. பழம்பொறிகளை ஓடவைக்கத் தெரிந்தவர்கள் இருந்தமையால்தான் அதை மீட்க முடிந்தது.

நம் ஊரிலேயே இதற்கு இணை உண்டு. பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பனையோலைச் சுவடிகள் ஆயிரக்கணக்கில் காக்கப்படுகின்றன. புதுச்சேரியின் சைவச் சுவடிகளை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. எண்ணெய் பூசித் துடைத்து அடுக்கிவைத்த அந்த ஓலையை, எழுத்தறிந்த எவரும் இன்றும் கையில் எடுத்துப் படிக்கலாம். இருபது ஆண்டுக்கு முன் நான் பதித்த வட்டை என்னால் படிக்க இயலவில்லை. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஓலை தேடியதைப் போற்றுகிறோம். அவர் தேடிய ஓலையில் செல்லரித்த இடம் போக எஞ்சியது தமிழாகவே இருந்தது. நாம் விட்டுச்செல்லும் வட்டுகளில் எஞ்சுவது தமிழாகவும் இராது.

இது என் ஒருத்தியின் கவலை அன்று. இங்கே அமர்ந்திருக்கும் மூத்த கவிஞர்கள் பலரின் முதல் தொகுப்புகள் ஒளியச்சு நிலையங்களில் தட்டப்பட்டவை. அந்த நூல்கள் இப்போது கிடைப்பதில்லை. கோப்புகள் எங்கோ ஒரு பெட்டியில் துருவேறிக் கிடக்கின்றன. இன்றும் அச்சகங்கள் பல பழைய எழுத்துருக்களிலேயே பக்கம் அமைக்கின்றன. நாம் வெளியிடவிருக்கும் இந்தப் பத்தாம் ஆண்டு மலருக்கும் அக்கதியே நேரலாம்.

ஆகவே வட்டத்துக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, இம்மலரின் ஒருங்குறிப் படி ஒன்றை அச்சகத்திடமிருந்து பெற்று, ஒன்றுக்கு மூன்று இடங்களில் வைக்க வேண்டும். இரண்டாவது, உறுப்பினர் இல்லங்களில் உள்ள பழைய வட்டுகளை ஒரு மாத காலத்துக்குள் திரட்ட வேண்டும். அவற்றைப் படிக்கும் பழம்பொறி ஒன்று எவர் வீட்டிலாவது இருந்தால், தயவு செய்து பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். எழுத்துகளை மாற்றித் தரும் பொறுப்பை நானும் என் மாணவர்களும் ஏற்கிறோம். மூன்றாவது வேண்டுகோளுக்குச் செலவே இல்லை. நாம் நாள்தோறும் பயன்படுத்தும் தமிழ்க் கருவிகளைச் செய்தவர்கள் பலர் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். இன்றிரவு வீடு சென்றதும் அவர்களுள் ஒருவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். நான் செய்ததுபோல் குறிப்பேட்டில் எழுதிவைத்துக் காத்திராதீர்கள்.

பிசிராந்தையார் தம் நண்பன் வடக்கிருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவருக்கென ஒதுக்கிய இடம் வீணாகவில்லை. எனக்கு அந்தப் பேறு இல்லை. உமர்தம்பி மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், கடற்கரையின் வேறோர் ஊரில் நின்று அவர் பெயரைச் சொல்கிறேன். அந்த இணைய மையத்தில் எழுந்துவிடலாம் என்று நினைத்தவளை உட்கார வைத்தவர் அவர். அன்று உட்கார்ந்ததால் படித்தேன், படித்ததால் எழுதினேன், எழுதியதால் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

ஐயா, தங்கள் தேனீ என் திரைக்கு வந்து சேர்ந்தது. நன்றி.